சிவப்பு எச்சரிக்கையில் ஒரு கிறிஸ்துமஸ் விருந்து

டிசம்பர் 5, 2024, வியாழன் இரவு

பை கட்டியாகிவிட்டது. மழைச்சட்டை, மூன்று ஜோடி கம்பளி சாக்ஸ், நெற்றி விளக்கு. கூடவே ஒரு கிலோ பொன்னி அரிசி, சின்னச் சம்புடத்தில் ரசப்பொடி, கடுகு, காய்ந்த மிளகாய், உறையவைத்த தேங்காய்த் துருவல் ஒரு பாக்கெட்.

எங்கள் மலைநடை கிளப்பின் கிறிஸ்துமஸ் வாரக்கடைசி இது. மான்செஸ்டரிலும் அக்கம்பக்கத்திலும் இருப்பவர்கள் சேர்ந்து நடத்தும் சின்ன கிளப். ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதாவது ஒரு மலையடிவாரத்தில் குடில் பிடிப்பார்கள். பகலில் மலையேற்றம், இரவில் வான்கோழி விருந்து, அப்புறம் பரிசு மாற்றிக்கொள்வது. நான் சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன வருடம் காய்ச்சலில் போக முடியவில்லை.

இந்த முறை வட வேல்ஸில், லான்பெரிஸ் ஊருக்கு அடுத்து இருக்கும் நான்ட் பெரிஸ். சனிக்கிழமை க்ளிடெர் வௌர் ஏறுவதாகத் திட்டம். 1001 மீட்டர் உயரம். உச்சியில் எல்லோரும் சிவப்புக் குல்லா போட்டுப் படம் எடுத்துக்கொள்வது வழக்கமாம். என் குல்லாவும் பையில் இருக்கிறது.

இன்றுதான் வருகிற புயலுக்குப் பெயர் வைத்தார்கள். டாரா. ஐரிஷ் மொழியில் ஓக் மரம் என்று பொருள். 2018 நவம்பரில் எங்கள் பக்கத்தைப் புரட்டிப்போட்ட புயலின் பெயர் கஜா, யானை. அந்த ஒரு ராத்திரியில் பேராவூரணிக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோப்பில் 212 தென்னை இருந்தது 9 ஆனது. அன்றைக்கு நான் ஊரில்தான் இருந்தேன். அதிலிருந்து காற்று பெரிதாகச் சத்தம் போட்டாலே எனக்கு உள்ளங்கை வியர்க்கும். கிளப்பில் யாரிடமும் இதைச் சொன்னதில்லை.

டிசம்பர் 6, வெள்ளி

அலுவலகத்துக்கு லீவு போட்டுவிட்டுக் காலையிலேயே கிளம்பினோம். ஒரு காரில் நான்கு பேர். ஓட்டியவர் ஓய்வுபெற்ற தபால்காரர், வயது எழுபத்திரண்டு, நாற்பது வருடமாக இந்த கிளப்பில் இருக்கிறார். முன் சீட்டில் ஒரு செவிலியர், பின்னால் நானும் ஒரு கல்லூரிப் பையனும். பெட்ரோலுக்கு ஆளுக்கு 12 பவுண்டு. கடலை ஒட்டியே போகும் ஏ55 சாலையில் கடல் தட்டையாக, ஈயம் பூசின பாத்திரம் மாதிரி கிடந்தது. இதிலிருந்தா புயல் வரப்போகிறது என்று தோன்றியது. கஜா அன்றைக்கும் சாயங்காலம் வரை இப்படித்தான் இருந்தது.

கான்வி தாண்டும்போது எல்லோர் போனிலும் ஒரே செய்தி, நடைத் தலைவியிடமிருந்து. அவர் பள்ளி ஆசிரியை. எழுதுவதும் கரும்பலகையில் எழுதுவது போலவே இருக்கும். வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை விட்டிருக்கிறது, சனி அதிகாலை 3 மணியிலிருந்து 11 மணி வரை. இன்னும் கிளம்பாதவர்கள் வீட்டிலேயே இருங்கள், பணம் திரும்ப வரும். பாதி வழி தாண்டியவர்கள் இருட்டுவதற்குள் குடிலுக்கு வந்து வண்டியை நிறுத்திவிட்டு அதற்கப்புறம் அசையாதீர்கள். அவ்வளவுதான். 26 பேர் வரவேண்டியது, 17 பேர் வந்தோம்.

வராதவர்களில் ஒருவரின் காரில்தான் கிறிஸ்துமஸ் புட்டிங்கும், இழுத்தால் பட்டென்று வெடிக்கும் காகிதக் குழல்களும், அவற்றுக்குள் இருக்கும் காகிதக் கிரீடங்களும் இருந்தன. வான்கோழி வந்துவிட்டது. புட்டிங் வரவில்லை. இதைக் கேட்டபோது தபால்காரரின் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அந்தப் புட்டிங்கை ஒவ்வொரு வருடமும் அவர் மனைவி அக்டோபரிலேயே செய்து வைப்பாராம். மூன்று வருடத்துக்கு முன் அவர் இறந்த பிறகு, அதே குறிப்பை வைத்து வேறொரு உறுப்பினர் செய்கிறார்.

குடில் கருங்கல் சுவரும் ஸ்லேட் கூரையும் போட்ட பழைய கட்டடம். இன்னொரு மலையேற்ற கிளப்புக்குச் சொந்தமானது. ஓர் இரவுக்கு 12 பவுண்டு. மாடியில் நீளமான மரமேடை, அதில் வரிசையாக மெத்தைகள், ஆளுக்கொரு தூக்கப்பை. கீழே விறகடுப்பு, ஈரத்துணி காயவைக்கத் தனி அறை, வெளியே பெரிய சிலிண்டர்களில் கேஸ். என் கண் முதலில் போனது சுவரின் கனத்துக்குத்தான். கிட்டத்தட்ட என் முழங்கை நீளம். கொஞ்சம் மூச்சு வந்தது.

சமையலறைச் சுவரில் நாளைய திட்டம் எழுதின பலகை தொங்கியது. தலைவி வந்தார், க்ளிடெர் வௌர் என்ற பெயர் மேல் ஒரே கோடு இழுத்தார். கீழே “மலை இல்லை” என்று எழுதினார். யாராவது முணுமுணுப்பார்கள், கொஞ்ச தூரமாவது போய்ப் பார்க்கலாமே என்பார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒரு வார்த்தை இல்லை. ஒருவர் கெட்டிலில் தண்ணீர் ஊற்றினார், இன்னொருவர் சீட்டுக்கட்டை எடுத்தார். இருபது, முப்பது வருடம் மலை ஏறினவர்கள் இவர்கள். பனிக்கோடாலி வைத்து ஏறுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களே இப்படி உடனே ஒப்புக்கொண்டது எனக்குப் பெரிய ஆச்சரியம்.

வெளிச்சம் மிச்சம் இருந்ததால் இரண்டே முக்காலுக்கு லான்பெரிஸ் போய் டோல்படார்ன் கோட்டையைப் பார்த்துவிட்டு வந்தோம். பதின்மூன்றாம் நூற்றாண்டில் லிவெலின் என்ற வேல்ஸ் அரசர் கட்டியது. மிச்சமிருப்பது பெரும்பாலும் வட்டமான ஒரு கோபுரம்தான். ஏரியின் எதிர்க்கரையில் மலையையே படிப்படியாக வெட்டி வைத்தது மாதிரி டினோர்விக் ஸ்லேட் சுரங்கம், 1969-இல் மூடியது. மழை நனைத்தால் அந்தக் கல் ஊதா நிறத்துக்கு மாறுகிறது. உலகம் முழுக்கப் பல கூரைகள் இந்தப் பக்கத்துக் கல்லால் ஆனவை. வட வேல்ஸின் ஸ்லேட் நிலப்பரப்பை 2021-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்திருக்கிறது. நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் ஓட்டமும் நடையுமாகத் திரும்பினோம்.

ஏழு மணிக்குக் கொஞ்சம் முன்னால், பீன்ஸ் குழம்பும் ரொட்டியும் பரிமாறிக்கொண்டிருந்தபோது, அறையில் இருந்த அத்தனை போன்களும் ஒரே நேரத்தில் அலறின. மணி ஓசை இல்லை, சைரன். அரசாங்கத்தின் அவசர எச்சரிக்கை. உயிருக்கு ஆபத்து, வீட்டுக்குள் இருங்கள் என்று திரையில் வந்தது. வேல்ஸிலும் தென்மேற்கு இங்கிலாந்திலுமாகச் சுமார் 30 லட்சம் பேருக்கு ஒரே சமயத்தில் அனுப்பியிருக்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. பதினேழு போன் ஒரு சின்ன அறையில் அப்படிக் கத்தும்போது மார்புக்குள் அதிர்கிறது. என் கையில் இருந்த கரண்டி கீழே விழுந்தது. செவிலியர் அதை எடுத்துக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். ஏன் விழுந்தது என்று கேட்கவில்லை.

டிசம்பர் 7, சனி

இரண்டரை மணிக்கு விழித்தேன். அது வரைக்கும் ஊளையாக இருந்த சத்தம் மாறியிருந்தது. லான்பெரிஸ் பக்கமிருந்து இந்தப் பள்ளத்தாக்கு ஒரு குழாய் மாதிரி வளைந்து மேலே போகிறது. வடமேற்கிலிருந்து வருகிற காற்று நேராக அதற்குள் நுழைகிறது. தூரத்தில் லாரி ஒன்று ஏற்றத்தில் முக்குவது மாதிரி ஆரம்பிக்கும். பக்கத்தில் வர வர, சரக்கு ரயில். வந்து சுவரில் இடிக்கும்போது மாடியே ஒரு முறை மூச்சு இழுத்துப் பிடிப்பது போல இருக்கும். பிறகு முழு அமைதி. அந்த அமைதிதான் பயங்கரம். அடுத்தது எவ்வளவு பெரியது என்று காத்திருக்க வேண்டும்.

மூன்றே முக்காலுக்கு கரண்ட் போனது. கொஞ்ச நேரத்தில் கூரையில் ஸ்லேட் ஓடு ஒன்று நகர்கிற சத்தம். வழுக்கிக்கொண்டே போய், ஒரு கணம் ஒன்றுமில்லை, அப்புறம் கீழே சிதறல். நான் தூக்கப்பைக்குள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கஜா அன்றைக்கு அப்பா திண்ணையில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு மரம் விழும்போதும் ஒரு சத்தம். நாற்பது வரை எண்ணிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினார்.

பக்கத்து மெத்தையில் நெற்றி விளக்கு ஒன்று மங்கலாக எரிந்தது. செவிலியர் பிளாஸ்க் மூடியில் டீயை ஊற்றி நீட்டினார். அவரிடம் சொன்னேன், முதல் தடவையாக. தோப்பு, அப்பா எண்ணியது, எல்லாம். எனக்கு ஆறுதலாக ஒன்றும் சொல்லவில்லை. “அதுக்கப்புறம் உங்க அப்பா என்ன செய்தார்?” என்று மட்டும் கேட்டார். மறுபடியும் நட்டார் என்றேன். தென்னை காய்க்க எத்தனை வருடம் ஆகும், எவ்வளவு தண்ணீர் வேண்டும், ஒரு காய் என்ன விலை போகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பதில் சொல்லிக்கொண்டே இருந்தேன். நாலரை மணிக்குப் பார்த்தால் அரைவாசிப் பேர் கீழே விறகடுப்பைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். நாங்களும் இறங்கிப் போய்ச் சேர்ந்துகொண்டோம்.

எட்டேகாலுக்கு மேல்தான் வெளிச்சம். ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சரியாகச் சொல்ல வேண்டும். மழை மேலிருந்து கீழே விழவில்லை, படுக்கையாகப் போனது. மலைச்சரிவில் இறங்கும் சின்ன அருவி ஒன்றைக் காற்று அப்படியே தூக்கி மேல்நோக்கி வீசியது, புகை மாதிரி. எதிர் வயலில் ஆடுகள் கல்சுவருக்குப் பின்னால் வரிசையாக, ஒன்றோடு ஒன்று ஒட்டிப் படுத்திருந்தன. முற்றத்தில் குப்பைத்தொட்டி ஒன்று யாரோ துரத்துவது போல ஓடி வேலியில் போய் மோதியது. கூரையிலிருந்து போன ஓடு ஒன்று ஒருவரின் கார் பின் கண்ணாடியை உடைத்திருந்தது. அவர் வெளியே போகவே இல்லை. பதினொரு மணி ஆகட்டும், கார் எங்கேயும் போகாது என்று சொல்லிவிட்டு ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்.

மலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கேப்பல் கியூரிகில் அன்று காலை மணிக்கு 93 மைல், அதாவது 150 கிலோமீட்டர் வேகத்தில் காற்று பதிவானது. அது பள்ளத்தாக்கில் இருக்கும் ஊர். 1001 மீட்டர் உச்சியில் என்னவாக இருந்திருக்கும்?

கார் பேட்டரியில் ரேடியோ கேட்கப் போய் வந்தவர் (பதினொன்றுக்கு மேல்தான்) செய்தி கொண்டுவந்தார். எவர்ட்டனும் லிவர்பூலும் ஆடவேண்டிய கால்பந்து ஆட்டம் தள்ளிவைப்பு. எங்கள் கூட்டத்தில் இரண்டு பக்கத்துக்கும் ஆள் உண்டு. காலையிலிருந்து ஒருவரையொருவர் சீண்டிக்கொண்டிருந்த இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒன்றாகத் துக்கம் கொண்டாடினார்கள். ஆயர்லாந்துக்குக் கப்பல் போகும் ஹோலிஹெட் துறைமுகத்திலும் போக்குவரத்து நின்றுவிட்டதாகச் சொன்னார்கள்.

இரண்டு மணிக்குக் காற்று கொஞ்சம் தணிந்தது. கதவைத் தட்டினார் பக்கத்துப் பண்ணைக்காரர். ஊருக்குள் போகும் சந்தில் ஒரு மரம் குறுக்கே கிடக்கிறதாம், அந்தப் பக்கம் ஒரு வயதான அம்மா தனியாக இருக்கிறார், ரம்பம் என்னிடம் இருக்கிறது, இழுத்துப்போட ஆள் வேண்டும் என்றார். தலைவி முதலில் அந்த இடத்தை அவரே போய்ப் பார்த்தார். மேலே தொங்குகிற கிளை எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்தின பிறகுதான் எங்களில் ஆறு பேரை அனுப்பினார். ஹெல்மெட் போட்டுக்கொண்டு போனோம். மரம் ஆஷ் வகை, நடுவில் உளுத்திருந்தது. பண்ணைக்காரர் அறுக்க அறுக்க நாங்கள் துண்டுகளை ஓரமாக உருட்டினோம். அரை மணி வேலை. ஆடுகளுக்குப் புயல் வருவது எப்படித் தெரிந்தது என்று கேட்டேன். வியாழக்கிழமையே மேலேயிருந்து தாமாக இறங்கிவிட்டன, நான் வானிலை அறிக்கை அப்புறம்தான் கேட்டேன் என்றார்.

அந்த அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல். எங்களை வாசலில் நிற்கவிடவே இல்லை. “பனாட்?” என்றார். எனக்குப் பானகம் என்றே காதில் விழுந்தது. வட வேல்ஸில் ஒரு கோப்பை டீக்கு அதுதான் பெயராம். கணப்பில் நிலக்கரி எரிந்துகொண்டிருந்தது, அதன்மேலேயே கெட்டில். கூட பாரா ப்ரித். டீயில் ஊறவைத்த உலர்பழம் போட்ட ரொட்டி அது, மேலே வெண்ணெய். ஊர்ப் பெயரை நான் லான்பெரிஸ் என்று சொன்னதும் கையை உயர்த்தி நிறுத்தி, நாக்கை மேலண்ணத்தில் வைத்து இரண்டு பக்கமும் காற்றை விடச் சொன்னார். ஐந்தாறு தடவைக்குப் பிறகு வந்தது. பதிலுக்கு நான் ‘தமிழ்’ சொல்லிக் கொடுத்தேன். அவருக்கு ழ இரண்டாவது முயற்சியிலேயே வந்துவிட்டது. எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன், இப்படி யாருக்கும் வந்ததில்லை. கிளம்பும்போது விருந்துக்கு வரச் சொன்னோம். வெளியே வரமாட்டேன், சூப் மிச்சமிருந்தால் அனுப்புங்கள் என்றார்.

இனி விருந்து. மின் அடுப்பு இல்லை, வான்கோழி ஆறு கிலோ. கேஸ் அடுப்பில் நான்கு பர்னர். கிளப்பின் சமையல் பொறுப்பாளர் யோசிக்கவே இல்லை, வான்கோழியை எலும்போடு துண்டு போட்டு மூன்று பானைகளில் வேகவைத்துவிட்டார். சைவக்காரர்களுக்கு வைத்திருந்த பருப்பு ரொட்டி மாவைத் தட்டி வடை மாதிரி வாணலியில் பொரித்தார்கள். முளைக்கோஸ் என் பொறுப்பு. இங்கே அதை வேகவைத்தே கொன்றுவிடுவார்கள். நான் நாலாக நறுக்கி, கடுகு, மிளகாய் தாளித்து, தேங்காய் போட்டுப் பொரியலாக இறக்கினேன். ஒரு பெரிய பானை ரசம் வைத்தேன். புளி இல்லை, எலுமிச்சையும் தக்காளியும்தான். அந்தப் பானை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் காலியானது. சமையலறையில் நின்றபடியே டம்ளரில் குடித்தார்கள். பக்கத்து அம்மாவுக்கு அதில்தான் ஒரு பிளாஸ்க் போனது.

மிச்சம் புட்டிங் பிரச்சினை. வாசனைத் திராட்சை ரசம் காய்ச்ச வாங்கின கறுப்புச் சர்க்கரை இருந்தது. கிராம்பு, ஏலக்காய் இருந்தது. உலர்திராட்சை இருந்தது. என் பொன்னி அரிசி இருந்தது. பாசிப்பருப்பு மட்டும் இல்லை. வெண்ணெயை உருக்கிப் பொன்னிறம் வரும்வரை காய்ச்சினேன், நெய் வாசனை குடில் முழுக்க ஏறியது. அரிசியைப் பாலில் குழையவிட்டு, சர்க்கரைப் பாகு ஊற்றிக் கிளறினேன். எங்கள் வீட்டுச் சர்க்கரைப் பொங்கல் என்று சொல்ல முடியாது, ஆனால் அதன் அக்கா தங்கை முறை வரும்.

தபால்காரர் என்னிடம் வந்து, ரொம்பத் தயங்கி, இதன்மேல் பிராந்தி ஊற்றிக் கொளுத்தலாமா, உங்கள் வழக்கத்துக்கு அது தப்பாக இருக்குமா என்று கேட்டார். புட்டிங்கை அப்படித்தான் கொண்டுவருவார்கள். தாராளமாக என்றேன். மெழுகுவர்த்தி எல்லாவற்றையும் அணைத்தார்கள். இருட்டில் அவர் இரண்டு கையாலும் தட்டை ஏந்தி வந்தார், பொங்கலின் மேல் நீலச் சுடர் ஓடிக்கொண்டிருந்தது. தலையில் பழைய செய்தித்தாளில் வெட்டின கிரீடம். எல்லோரும் பாடினார்கள். வெளியே காற்று இன்னும் போகவில்லை. அந்தப் பாட்டுக்கு அடியில் அதுவும் கேட்டுக்கொண்டே இருந்தது. அன்று முதல் முறையாக என் உள்ளங்கை உலர்ந்திருந்தது.

குடிலுக்குப் பக்கத்திலேயே எலிடிர் வௌர் மலை. அதன் வயிற்றுக்குள் ஒரு மின் நிலையம் இருக்கிறது. மேல் ஏரித் தண்ணீரைக் கீழே பெரிஸ் ஏரிக்கு விட்டுச் சில நொடிகளில் மின்சாரம் எடுக்கிறார்கள், 1984-இலிருந்து நடக்கிறது. பொறியாளர் ஒருவர் இதை மேஜையில் உப்புக் குப்பியையும் கரண்டியையும் வைத்து விளக்கினார். நாங்கள் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கேட்டோம்.

பரிசு மாற்றம் கடைசியில். ஐந்து பவுண்டுக்கு மேல் போகக்கூடாது, யார் கொடுத்தது என்று தெரியக்கூடாது. எனக்கு வந்தது இந்தப் பகுதியின் பழைய ஆர்ட்னன்ஸ் சர்வே (அரசு நில அளவை) வரைபடம், மடிப்பெல்லாம் செலோடேப் ஒட்டியது. பென்சிலில் நுணுக்கி நுணுக்கிக் குறிப்புகள். எந்த வருடம் எந்த வழி ஏறினார், யாரோடு, எங்கே நீர் குடித்தார். க்ளிடெர் வௌர் பக்கம் பார்த்தேன். மூன்று இடத்தில் சின்ன எக்ஸ் போட்டு, “இங்கே திரும்பினோம், காற்று” என்று எழுதியிருந்தது. மூன்றும் வெவ்வேறு வருடம். ஒன்று உச்சிக்கு விரல் அகலம் கீழே. கையெழுத்து இரண்டு பேருடையது. யார் கொடுத்தது என்று கேட்கக்கூடாது என்பதால் கேட்கவில்லை. நீலச் சுடர் ஏந்தி வந்த கை எது என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 8, ஞாயிறு

கரண்ட் வரவில்லை. போனில் சிக்னலும் இல்லை. காற்று நேற்றை விடக் குறைவு, ஆனால் இன்னும் குடையைப் பிடிக்க முடியாத அளவு. மலை இன்றைக்கும் இல்லை. படார்ன் ஏரியின் அந்தக் கரையில் பழைய ஓக் காடு இருக்கிறது, அதற்குள் போகும் நடை எனக்கு ஆசையாக இருந்தது. தலைவி வேண்டாம் என்றார். புயலுக்கு மறுநாள்தான் பாதி முறிந்த கிளைகள் விழுமாம். நிற்கிற மரத்தைவிட அதுதான் ஆபத்து. சரி என்று லான்பெரிஸ் பக்கக் கரையிலேயே நடந்தோம்.

அங்கே தண்ணீருக்குள் தனியாக ஒரு பிர்ச் மரம் நிற்கும். படம் எடுக்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த மரம். நான் வளைவு திரும்பும் முன்பே அதைத்தான் தேடினேன். இலை ஒன்றுமில்லாமல், காற்றோடு சாய்ந்து சாய்ந்து நிமிர்ந்துகொண்டு, அதே இடத்தில் நின்றது. நான் கொஞ்ச நேரம் நகரவில்லை. பையன் என்னைப் படம் எடுத்தான். பையில் கிடந்த சிவப்புக் குல்லாவை அப்போதுதான் போட்டேன். ஒரு நிமிடத்தில் காற்று அதைப் பிடுங்கி ஏரியில் போட்டது.

ஊரில் ஒரே ஒரு டீக்கடை திறந்திருந்தது, ஜெனரேட்டர் சத்தத்தோடு. உட்கார இடமில்லை. டப்ளினுக்குக் கப்பல் கிடைக்காமல் இரண்டு நாளாகக் காரிலேயே இருக்கும் ஒரு குடும்பம் மேஜையில் நகர்ந்து இடம் கொடுத்தது. இரண்டு குழந்தைகள், பின் சீட்டு நிறைய பாட்டி வீட்டுக்கு வாங்கின பரிசுப் பொட்டலங்கள். பெரிய பெண் தன் தட்டிலிருந்த சிப்ஸைப் பாதியாகப் பிரித்து எங்கள் பக்கம் தள்ளினாள். கடைக்காரர் டீக்கு 2 பவுண்டு வாங்கினார், அந்தக் குடும்பத்திடம் எதற்கும் வாங்கவில்லை. கவனித்தோம், பேசாமல் இருந்தோம். தபால்காரர் கிளம்பும்போது கல்லாவுக்குப் பக்கத்தில் இருபது பவுண்டு நோட்டு ஒன்றைத் தட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்தார்.

திரும்பும் வழி இரண்டு மணி நேரம் ஆகவேண்டியது நாலேமுக்கால் ஆனது. மரம் விழுந்து அடைத்த சாலைகள், சுற்று வழிகள். கான்வி தாண்டினதும் சிக்னல் வந்தது. அப்பாவிடமிருந்து பதினோரு தவறிய அழைப்புகள்.

ஊரில் ராத்திரி பத்தரை மணி. முதல் மணியிலேயே எடுத்தார்.

“தாயி, டிவியில காட்டுனான். நீ பத்திரமா?”

“பத்திரமா இருக்கேன்பா. சிக்னல் இல்ல.”

“மரம் எதுவும் விழுந்துச்சா?”

அவர் எந்தப் புயலுக்கும் அடுத்ததாகக் கேட்பது அதுதான். நான் சொன்னேன், ஒரு மரம் சந்தில், வழியில் நிறைய, ஏரிக்குள்ளே நிற்கிற ஒன்று மட்டும் விழவில்லை என்று. அது என்ன மரம், வேர் தண்ணீருக்குள்ளேயே இருக்குமா, அழுகாதா என்று கேட்டார். தெரியவில்லைப்பா, படம் அனுப்புகிறேன் என்றேன்.

அனுப்பினேன். கொஞ்ச நேரம் கழித்து அங்கிருந்தும் ஒரு படம் வந்தது, டார்ச் வெளிச்சத்தில் எடுத்தது. 2019-இல் நட்ட கன்று ஒன்றில் பாளை வெடித்திருந்தது. செவிலியர் முன் சீட்டிலிருந்து திரும்பி, அது என்ன என்று கேட்டார். போனை அவரிடம் கொடுத்தேன்.